உன் ஆட்டத்தைக் கவனித்து வருகிறோம்

கடிதம் மே மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை வந்தது. எங்கள் வீட்டு மண்சாலை நெடுஞ்சாலையில் சேரும் முனையில் தபால் பெட்டி இருக்கிறது. வேலையிலிருந்து திரும்பும் வழியில் பிக்கப் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைக்காமலே உறையைப் பிரித்தேன். கெட்டியான தாள், மேலே பல்கலைக்கழகத்தின் முத்திரை, கீழே நீல மையில் தலைமைக் கோச்சின் கையெழுத்து.

'அன்புள்ள மார்லா, உன் ஆட்டத்தை எங்கள் பயிற்சியாளர் குழு கவனித்து வருகிறது. உன்னைப் போன்ற இடக்கை வீச்சாளருக்கு எங்கள் பேஸ்பால் அணியில் இடம் இருக்கக்கூடும் என்று நினைக்கிறோம். ஜூன் இருபத்திரண்டாம் தேதி நடக்கும் தேர்வு முகாமுக்கு உன்னை அழைப்பதில் மகிழ்கிறோம்.'

நான் இடக்கைக்காரி இல்லை. கடைசியாக நான் பந்து எறிந்தது எங்கள் நாய்க்கு.

இதே கடிதம், மார்லா என்று இருக்கும் இடத்தில் வெஸ்லி என்ற பெயரோடு, மார்ச் மாதத்திலிருந்து எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. என் கடிதத்தை நான்காக மடித்து டேஷ்போர்டு டிராயரில், டயர் அழுத்தமானிக்கு அடியில் வைத்தேன். அதற்கப்புறமும் வீட்டுக்குப் போகாமல் ஐந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வெஸ்லி என் தம்பி. பதினேழு வயது. இடது கையால் வீசுவான். பள்ளிப்படிப்பில் இன்னும் ஒரு வருஷம் மிச்சம். அதற்குள் ஏதாவது ஒரு கல்லூரி அணி அவனைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் அவனுடைய பேஸ்பால் அடுத்த மே மாதத்தோடு முடிந்துவிடும். பிறகு அவனுக்கு இருப்பது அப்பா வேலை செய்யும் கோதுமைக் கிடங்குதான். அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. கிடங்குத் தூசியில் இருபத்தாறு வருஷம் நின்ற அப்பாவின் இருமலைக் காலையில் கேட்டாலே போதும்.

கோச்சுகளின் கண்ணில் படுவதற்காக அப்பா இரண்டு வருஷமாகப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு நிறுவனம். வெஸ்லி வீசும் வீடியோவை இணையத்தில் ஏற்றி, நாடு முழுவதும் உள்ள கோச்சுகளிடம் காட்டுவதாக அது சொன்னது. வீடியோவுக்குக் கீழே, எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று ஓர் எண் வரும். அது ஏறுவதை அப்பா சாப்பாட்டு மேஜையில் அறிவிப்பார். எனக்கு எதையும் சரிபார்க்காமல் இருக்க முடியாது. அப்பாவின் செல்போன் ரிப்பேருக்குப் போயிருந்த வாரத்தில் அந்த எண் ஏறவே இல்லை. அறுபத்தொன்றில் நின்றது. ஒரே ஒரு வாரத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் மார்ச்சில் வெஸ்லிக்கு அந்தக் கடிதம் வந்தது. முகாமுக்கு நானூறு டாலர், ஹோட்டல் அறை தனி. அப்பா தன் மீன்பிடிப் படகின் மோட்டாரைக் கழற்றி விற்றார். படகு இன்னும் கொட்டகையில் இருக்கிறது. அவர் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது மாலை வகுப்பில்தான். செவ்வாயும் வியாழனும் உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் அலுவலகக் கணினிப் பாடம் நடக்கும். பகலில் நான் கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறேன். இந்தச் சான்றிதழ் கிடைத்தால் கவுண்டி அரசு அலுவலகத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு கணக்கு. ஏப்ரலில் ஒரு நாள், பாடம் எடுக்கும் மிஸஸ் ஸ்டக்கி, ஒரே கடிதத்தை நூறு பேருக்கு நூறு பெயரில் எப்படி அனுப்புவது என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு பட்டியல், ஒரு கடிதம், பெயர் வர வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை. பொத்தானை அழுத்தினால் நூறு ஓட்டைகளிலும் நூறு பெயர்கள் போய் உட்கார்ந்துகொள்ளும். கையெழுத்தைக்கூட நீல மையில் அச்சடிக்கலாமாம்.

எல்லோரும் பொத்தானை அழுத்தினார்கள். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் வேறு, தெரிவது வேறு. அதனால் சோதித்துப் பார்த்தேன். பல்கலைக்கழகத் தளத்தில் வெஸ்லிக்காக நான் நிரப்பிய அதே படிவத்தை என் பெயரில் நிரப்பினேன். என் உயரம், என் எடை, என் பிறந்த வருஷம், எல்லாம் உண்மை. இடக்கை வீச்சாளர் என்பது மட்டும் பொய். பத்தொன்பது நாளில் பதில் வந்துவிட்டது.

முகாமுக்கு வரவில்லை என்று மே முப்பத்தொன்றுக்குள் சொன்னால் பணம் திரும்பக் கிடைக்கும். எனக்குப் பதினேழு நாள் இருந்தது.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பீரோக் ரொட்டி செய்துகொண்டிருந்தார். கறியும் முட்டைக்கோசும் வைத்து மாவை மூடி, ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து, உங்கப்பாகிட்ட நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன் என்றார். கிள்ளிய ஓரத்தை மறுபடியும் ஒருமுறை கிள்ளினார்.

கிடங்குக்குப் போனேன். அறுவடை தொடங்கவில்லை, போன வருஷக் கோதுமை ஒன்றிரண்டு லாரி வந்துகொண்டிருந்தது. அப்பா மேடை மேல் நின்று, ஒரு லாரிக்குள் நீளமான பித்தளைக் குழாயைக் குத்தி மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு லாரிக்கு ஐந்து இடம். நான்கு மூலை, நடு. மேலே நல்லதைப் பரப்பி அடியில் நனைந்ததை மறைப்பவர்கள் உண்டு. கூடப் படித்தவனாக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்தில் உட்காருபவனாக இருந்தாலும், ஐந்து இடம்தான். யார் சொல்லையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

என்னைப் பார்த்ததும் கீழே இறங்கி வந்தார்.

"என்ன, வேலையை விட்டுட்டியா?"

"இல்லப்பா. சும்மாதான்."

"சும்மா வர்ற ஆளா நீ." கையைத் துடைத்துக்கொண்டார். முகாம் அன்றைக்கு அறுவடை உச்சத்தில் இருக்குமாம், அவரால் கிடங்கை விட்டு நகர முடியாதாம். நீதான் அவனைக் கூட்டிக்கிட்டுப் போகணும் என்றார். பிறகு, கேட்காமலே ஒன்று சொன்னார். "நான் படிக்கும்போது என்னைய யாரும் கூப்பிட்டு ஒரு லெட்டர் போட்டதில்ல, மார்லா. அவனுக்குப் போட்டிருக்காங்க."

சொல்வதற்கென்று வந்த வாக்கியத்தை பிக்கப்பில் வரும்போது மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்தேன். அது வாயில் வரவில்லை. சரிப்பா, கூட்டிக்கிட்டுப் போறேன் என்றேன்.

மிச்சமிருந்தது வெஸ்லி. இருபத்தொன்பதாம் தேதி, பயிற்சி முடிந்து அவனை ஏற்றிக்கொண்டு வரும்போது சொல்லிவிட்டேன். அவன் சூரியகாந்தி விதையை மென்று, ஜன்னலுக்கு வெளியே தோலைத் துப்பிக்கொண்டிருந்தான்.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"நம்ம டீம்ல பதினாலு பேருக்கு வந்திருக்கு. கோல்டனுக்கு வந்துச்சு. அவன் கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு வருஷம் முழுக்க பெஞ்சுல உக்காந்திருந்தான். எந்தக் கால கவனிச்சாங்கன்னு எல்லாரையும் கேட்டுட்டுத் திரியறான்."

"அப்புறம் ஏன்டா போற?"

 அவன் முழங்கால் டேஷ்போர்டு டிராயர் மூடியில் இடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே என் கடிதம்.

"லெட்டர் பொய்யின்னே வை. அந்த கோச்சுங்க அன்னைக்கி அங்க நிஜமா நிப்பாங்கல்ல? நான் வீசறத நிஜமா பாப்பாங்கல்ல?"

 முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் ஐந்து மணி வரை நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணி ஆனது. இப்போது சொல்லியும் பயனில்லை என்றானதில் எனக்கு நிம்மதி இருந்ததா என்று யோசித்தேன். இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் இருபத்திரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கெல்லாம் மைதானத்தில் வெயில் ஏறிவிட்டது. நூற்று நாற்பது பையன்கள். நூற்று நாற்பது பேருக்கும் ஒரே சட்டை, முதுகில் காகித எண். வெஸ்லிக்குத் தொண்ணூற்றேழு. பெற்றோர்கள் மடக்கு நாற்காலிகளோடும் ஐஸ் பெட்டிகளோடும் கம்பி வலைக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாலைந்து அப்பாக்கள் பந்தின் வேகத்தைக் காட்டும் வேகமானியைச் சொந்தமாக வாங்கி வந்திருந்தார்கள். தன் மகன் வீசும்போது மட்டும் எழுந்து நின்று அதைப் பிடித்தார்கள்.

தலைமைக் கோச் பல்கலைக்கழகத்தின் ஊதா நிறச் சட்டையில் வந்தார். பத்து நிமிடம் பேசினார். குணம் முக்கியம், உழைப்பு முக்கியம், இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் காரணத்தோடுதான் அழைக்கப்பட்டிருக்கிறீர்கள் என்றார். எனக்குப் பக்கத்தில் விச்சிட்டாவிலிருந்து வந்திருந்த கனத்த மனிதர் ஒருவர், காரணம் நானூறு டாலர் என்று தன் காபிக் கோப்பைக்குள் சொன்னார். மகனுக்கு இது ஒன்பதாவது முகாமாம். "வராம இருந்தா, வந்திருக்கலாமேன்னு தோணும் பாரு, அதுக்குத்தான் இந்தக் காசு," என்றார் என்னிடம். அவர் சிரித்தார். நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நோட்டு என்பது ஸ்கோர் நோட்டு. எனக்குப் பன்னிரண்டு வயதானதிலிருந்து தம்பியின் ஆட்டங்களுக்கு நான்தான் ஸ்கோர் எழுதுகிறேன். முகாமில் ஸ்கோர் கிடையாது. ஆனாலும் கை சும்மா இருக்காது என்று எடுத்துப் போயிருந்தேன். யார் எங்கே நிற்கிறார்கள், தொண்ணூற்றேழாம் எண் எப்போது என்ன செய்கிறான், எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதினேன்.

பத்து நாற்பதுக்கு வெஸ்லியின் முறை. பதினைந்து பந்து. எண்பத்து நான்கு மைல், எண்பத்தைந்து, எண்பத்து நான்கு, எண்பத்தாறு. அவன் எண்பத்தாறு போட்டு நான் பார்த்ததே இல்லை. ஊதாச் சட்டைக்காரர் அந்தப் பக்கம் நின்றது ஏழாவது பந்து வரை. அப்புறம் யாரோ அவரை பேட்டரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எண்பத்தாறு பதினோராவது பந்து. இதை நான் பிறகு வெஸ்லியிடம் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

பதினொன்றரைக்கு வீச்சாளர்கள் எல்லோரையும் ஓரத்துச் சிறிய மைதானத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சாம்பல் தொப்பி போட்ட ஒல்லியான ஆள் ஒருவர், ஒரு வாளி நிறையப் பந்தோடு நின்றார். சட்டையில் எந்த முத்திரையும் இல்லை. மெல்லிய மட்டையால் பந்தை வலது பக்கமாக உருட்டி அடிப்பார். முதல் பேஸ் என்பது அடித்தவன் ஓடித் தொட வேண்டிய முதல் முனை; அங்கே நிற்க வேண்டியவன் பந்தை எடுக்க ஓடிவிடுவான். அடித்தவன் தொடுவதற்குள் வீசியவன் வந்து அந்தக் காலி பேஸை மிதித்து, பந்தை வாங்க வேண்டும். அவ்வளவுதான். வேகமானி இல்லாத இடம். பையன்களுக்கு அது இளைப்பாறும் நேரம். பாதிப் பேர் ஜாகிங் போனார்கள், ஒருவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டே நடந்தான்.

வெஸ்லி நான்கு முறை போனான். மூன்று முறை ஓடினான். நான்காவது முறை அந்த பேட்டரி வண்டி வேலியோரம் வந்தது. ஊதாச் சட்டை. வெஸ்லி அதைப் பார்த்துக்கொண்டே நடந்து போய் பேஸை மிதித்தான். சாம்பல் தொப்பிக்காரர் பின் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து ஏதோ எழுதினார். ஒவ்வொரு பையனுக்கும் எழுதவில்லை. அதுவும் என் நோட்டில் இருக்கிறது.

மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. நன்றி சொல்லி, எல்லோருக்கும் மதிப்பீடு ஈமெயிலில் வரும் என்றார்கள். பெற்றோர்கள் ஊதாச் சட்டையைச் சுற்றி வரிசை கட்டினார்கள், கைகுலுக்க. விச்சிட்டாக்காரர் வரிசைக்குப் போகவில்லை. நாற்காலியை மடக்கிக்கொண்டே, வாகன நிறுத்தத்தில் பந்து வாளியை டிரக்கில் ஏற்றிக்கொண்டிருந்த சாம்பல் தொப்பியைக் கண்ணால் காட்டினார்.

"ஒன்பது முகாம் ஆச்சும்மா எனக்கு இது புரிய. பெரிய காலேஜ் இங்கேருந்து ஒருத்தனையும் எடுக்காது. அவங்களுக்கு ஆள் எப்பவோ முடிஞ்சாச்சு. அவங்ககிட்ட நாள் கூலிக்கு வந்து வாளி தூக்குறாங்க பாரு, சின்ன காலேஜ் கோச்சுங்க, அவங்கதான் ஆள் தேடி வர்றவங்க."

 டிரக்கை நோக்கி நடந்தேன். போகலாமா என்று யோசித்துக்கொண்டே நடந்ததால் ஓடவில்லை. அதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

அவர் பெயர் ரீமர். மெடோபர்க் இரண்டாண்டுக் கல்லூரியின் கோச். மெடோபர்க் எங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிடம். நாங்கள் மூன்று மணி நேரம் ஓட்டி வந்திருந்தோம்.

தொண்ணூற்றேழாம் எண் என் தம்பி என்றேன். அவர் அட்டையை எடுத்துப் பார்க்கவில்லை.

"இடக்கைப் பையன். எனக்கு அடுத்த வருஷத்துக்கு ரெண்டு இடக்கை வேணும். இன்னைக்கி இங்க ஆறு பேர் இருந்தாங்க."

"அவன் எப்படி வீசினான்?"

"நல்லா வீசினான். எல்லாரும் நல்லாத்தான் வீசறாங்க. மூணு தடவ ஓடினான், நாலாவது தடவ நடந்தான். எங்க டீம்ல நாலாவது தடவதான் மேட்ச் கையவிட்டுப் போகும்."

நான் நோட்டைப் பிரித்தேன்.  இந்த வசந்தத்தில் முதல் பேஸுக்கு வீச்சாளர் ஓட வேண்டிய ஆட்டங்கள் எல்லாம் அதில் குறிக்கப்பட்டிருந்தன. வெஸ்லி பதினான்கு முறை ஓட வேண்டியிருந்தது. பதினான்கு முறையும் போயிருக்கிறான். பதின்மூன்று அவுட். ஒன்று, பந்து கையிலிருந்து நழுவியது. அதையும் மறைக்காமல் காட்டினேன்.

ரீமர் நோட்டை வாங்கி, நின்ற இடத்திலேயே ஏழெட்டுப் பக்கம் புரட்டினார். நழுவிய பந்து இருந்த பக்கத்தில் கொஞ்சம் நின்றார். நீ எழுதினதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். திருப்பிக் கொடுத்தார்.

"அவன் என்னைக் கூப்பிடட்டும். அவன். உங்கப்பா இல்ல, நீயும் இல்ல. வாரத்துக்கு நாப்பது அப்பாங்க எனக்கு போன் பண்றாங்க. எனக்கு அப்பா யாரும் வேண்டாம், பிட்ச்சர்தான் வேணும்."

எண்ணை நோட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பும் வழியெல்லாம் இருபுறமும் அறுவடை இயந்திரங்கள் தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்தன.  ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு ரீமர் சொன்ன எல்லாவற்றையும் வெஸ்லியிடம் சொன்னேன், நான்காவது முறை நடந்ததையும் சேர்த்து.

"நீ போய்ப் பேசினியா?"

"ஆமா."

"ஸ்கோர் நோட்டைக் காட்டி."

"ஆமா."

"என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்பான் அந்த ஆளு. அக்காவ அனுப்பிச் சிபாரிசு கேக்குறான்னுதானே."

 அவன் சொன்னது சரியாக இருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. போய்ப் பேசியதால் கதவு திறந்ததா, இல்லை மூடிக்கொண்டதா என்று எந்த நோட்டிலும் போட்டுப் பார்க்க வழி இல்லை. அவனை அழைக்கச் சொன்னேன். அவன் விதைப் பையைப் பின்சீட்டில் எறிந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கவில்லை. முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

ஒன்பது நாள் அவன் அழைக்கவில்லை. அப்பா விடியற்காலை போய் இருட்டியபின் வந்தார், இமை முடியெல்லாம் கோதுமைத் தூசி. பூட்ஸைக் கழற்றும்போதே கேட்பார், ஏதாவது வந்துச்சா. இன்னும் இல்லப்பா. வரும், வரும், அவங்களுக்கும் நூறு வேலை இருக்கும். நான் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வெஸ்லியின் கையுறைக்குள் வைத்தேன். அடுத்த நாள் அது என் காபிக் கோப்பைக்கு அடியில் இருந்தது. மறுபடியும் கையுறைக்குள் வைத்தேன். அது திரும்பி வரவில்லை. எடுத்து எறிந்துவிட்டானோ என்று அதற்கும் கவலைப்பட்டேன்.

ஜூலை முதல் தேதி மதிப்பீடு வந்தது. 'வெஸ்லி, உன் கையில் நல்ல வளர்ச்சிக்கான அறிகுறி தெரிகிறது. உன் முன்னேற்றத்தைத் தொடர்ந்து கவனித்து வருவோம். இலையுதிர்கால முகாமில் உன்னைச் சந்திக்க ஆவலாக இருக்கிறோம்.' எண்பத்தாறு பற்றி ஒரு சொல் இல்லை. அப்பா அதைக் கிடங்கு அலுவலகத்தில் அச்செடுத்து வந்து, ஃபிரிட்ஜில் முதல் கடிதத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஓரங்கள் நேராக இருக்கின்றனவா என்று ஓரடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். இலையுதிர்கால முகாமுக்கு எவ்வளவு என்று என்னிடம் கேட்டார். டிரெய்லரை விற்றுவிடலாம், மோட்டார் இல்லாத படகுக்கு டிரெய்லர் எதற்கு என்றார்.

வெஸ்லி கையில் பால் கோப்பையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டு வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்து, செல்போனைக் காதில் வைத்து, உடனே எடுத்துவிட்டான். எழுந்து நடந்தான். மறுபடி வைத்தான். மூன்றாவது தடவை பேசினான். ஒரு கையால் தொப்பியைக் கழற்றி, போட்டு, கழற்றினான். பேச்சு ஒரு நிமிடம்கூட இல்லை.

உள்ளே வந்து, பதிமூணாம் தேதி சனிக்கிழமை காலை எட்டு மணி, மெடோபர்க் என்றான். எவ்வளவு என்று அப்பா கேட்டார். காசு கெடையாதுப்பா. காசு வாங்காம என்ன தேர்வு அது என்றார் அப்பா. ஆனால் வருவதாகச் சொன்னார். அறுவடை அதற்குள் முடிந்துவிடும்.

மெடோபர்க் மைதானத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. ரீமர் தனியாக வாளியோடு வந்தார். அப்பாவுக்குக் கைகொடுத்தார், எனக்குத் தலையசைத்தார், பிறகு எங்கள் இருவரையும் வேலிக்கு வெளியே போகச் சொன்னார். வெஸ்லியின் பையிலிருந்த பந்தை வெளியே எடுக்கவே விடவில்லை. வீச்சாளர் நிற்கும் மண்மேட்டில் நின்று வீசுவது போல் கையை மட்டும் சுற்றச் சொன்னார். மறு நொடியே பந்தை வலது பக்கம் உருட்டினார். முதல் பேஸில் கல்லூரிப் பையன் ஒருவன் நின்றிருந்தான்.

ஓடினான். மறுபடி. மறுபடி. எட்டாவது முறைக்கு அவன் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பதினொன்றாவதில் பேஸின் விளிம்பு தடுக்கி விழுந்து எழுந்தான். ரீமர் அடுத்ததை உருட்டினார். அப்பா வேலிக் கம்பிக்குள் விரலை விட்டுக்கொண்டு நின்றார்.

"எப்ப வீசச் சொல்வாரு?"

"தெரியலப்பா."

"வேகம் பாக்கற மிஷின் எங்க?"

"அவர்கிட்ட இல்லன்னு நெனக்கிறேன்."

இன்னும் ஐந்தாறு ஓட்டம் போனது. அப்பா விரலை எடுத்தார். "நான் லாரிக்கு அஞ்சு எடத்துல குத்திப் பாப்பேன். இந்த ஆளு ஒரே எடத்துல இருபது தடவ குத்துறாரு," என்றார். குரலில் குறை இல்லை. அதற்கப்புறம் வேகமானியைப் பற்றிக் கேட்கவில்லை.

இருபத்திரண்டு முறை. நான் எண்ணினேன். கடைசி இரண்டில் வெஸ்லி ஓடியது ஓட்டமாகவே இல்லை, ஆனால் நடக்கவும் இல்லை. அப்புறம்தான் பத்துப் பந்து வீசச் சொன்னார். கால் நடுங்கிக்கொண்டு வீசினான். எண்பதைத் தொட்டிருக்குமா என்பது சந்தேகம்.

ரீமர் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார்.

"இன்னைக்கி நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஏப்ரல்ல உன் மேட்ச் ஒண்ணுக்கு வருவேன். எந்த மேட்ச்னு சொல்ல மாட்டேன், எங்க உக்காருவேன்னும் சொல்ல மாட்டேன். அன்னைக்கி நீ இப்படி ஓடினா இடம் உனக்கு."

"ஓடலன்னா?"

"அப்ப நான் வந்ததே உனக்குத் தெரியாது."

வீடு திரும்பும்போது அப்பா ஓட்டவில்லை, நான் ஓட்டினேன். வெஸ்லி பின்சீட்டில் படுத்திருந்தான். விழுந்ததில் அவன் முழங்கையில் தோல் பிய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. துடைக்க ஏதாவது கொடு என்றான். அப்பா டேஷ்போர்டு டிராயரைத் திறந்தார். நான் தடுக்கக் கையெடுத்து, பிறகு ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டேன். பழைய நாப்கின்கள், டயர் அழுத்தமானி, அதற்கு அடியில் நான்காக மடித்த தாள்.

நாப்கினைப் பின்னால் கொடுத்துவிட்டு அப்பா தாளைப் பிரித்தார். கண்ணாடி போடாமல், கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். மேலே இருந்த பெயரை விரலால் தொட்டார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"எவ்வளவு வேகம் போடுவ நீ?" என்றார்.

பின்சீட்டில் வெஸ்லி சிரிப்பை அடக்க இருமினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்ப வந்துச்சு இது?"

"மே மாசம்."

"பணம் திருப்பித் தர்ற தேதிக்கு முன்னாடியா?"

"ஆமாப்பா. பதினேழு நாள் முன்னாடி."

அவர் தாளை மடிப்பு மாறாமல் மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்து மூடினார். வெளியே அறுத்து முடித்த வயல்கள். வெறும் கோதுமை அடிக்கட்டை.

"சொல்லியிருந்தா போயிருக்க மாட்டோம்," என்றார்.

அது என்னைக் குறை சொல்வதா, இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயன்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். போயிருக்காவிட்டால் ரீமர் இல்லை. ஆனால் ரீமர் வீட்டிலிருந்து நாற்பது நிமிடத்தில்தான் இருந்தார், மார்ச்சிலும், அதற்கு முந்தைய மார்ச்சிலும், படகில் மோட்டார் இருந்தபோதும். இரண்டையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தால் எந்தப் பக்கம் கனமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இரண்டு திருப்பம் ஓட்டிவிட்டேன்.

"மார்லா," என்றான் வெஸ்லி. "ஏப்ரல்ல எத்தன மேட்ச்?"

"அட்டவணை இன்னும் வரல. இந்த வருஷம் பன்னெண்டு."

"பன்னெண்டு."

அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அவன் முழங்கால் என் சீட்டின் முதுகில் இடிக்கத் தொடங்கியது. காலைக் கீழே வை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். வீட்டு மண்சாலை வரை அது நிற்கவில்லை.